நாலு காலில் ஒரு ராஜா

மார்ச் 2
மழை விட்டதும் இவர் மாடிக்குப் போய் மூலைக்கு மூலை நடந்துவிட்டு வந்தார். "ஒரு சொட்டு ஒழுகலை, பாத்தியா? யார் கட்டின வீடு!" கட்டட காண்ட்ராக்டருக்கு வாழ்க்கைப்பட்டால் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

சுவரில் ஓர் ஆணி அடிக்க மட்டும் எனக்கு அனுமதி இல்லை. பூச்சு பெயர்ந்துவிடுமாம். மகளின் கல்யாணப் படம் பீரோவில் துணிக்கடியில் கிடக்கிறது. ஆணி ஒரு சாக்கு. கேட்காமல் கல்யாணம் செய்தவள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். பேரன் தவழவே ஆரம்பித்துவிட்டான். தாத்தா இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 5
எங்கள் சர்ச் சபை நாடகத்தில் இவருக்குப் பாபிலோன் ராஜா வேஷம். போதகர் ஆள் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார். அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டு, இந்த மாநகரம் என் கையால் எழும்பியது என்று மார்தட்ட வேண்டும். வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. அந்த இடத்தில் எனக்கு வேலையே இல்லை.

மார்ச் 9
ரகளை. அடுத்த பக்கத்தை இன்றுதான் படித்தாராம். கடவுள் ராஜாவின் கொழுப்பை அடக்க, புத்தி பேதலிக்க வைத்து மாடு மாதிரிப் புல் மேய விடுகிறார்.

"எங்கிட்ட வேலை பாக்கறவன்லாம் முன்னாடி உக்காந்திருப்பான். நான் மண்டி போட்டு மேயணுமா? அதை வெட்டிடுங்க."

போதகர் சிரித்தார். "நான் எழுதினதுன்னா வெட்டிடலாங்கய்யா. இது எனக்கு மேல இருக்கறவரோட கதை."

அதற்கு மேல் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுந்தார்.

மார்ச் 10
புல்லுக்குப் பதில் கொத்தமல்லித் தழை என்று சமாதானம். புல் ராஜாவுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

மார்ச் 14
மகளை நாடகத்துக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். "அப்பா கத்துவாரும்மா." "அது சபை மண்டபம்டி, அவர் கட்டினதில்ல" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எல்லார் முன்னாலும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அவள் இனி வரவே மாட்டாள். என்ன காரியம் செய்தேன் —

மார்ச் 16
இன்று நாடகம் நடந்தது.

கிரீடம் உருண்டது. இவர் நாலு காலில் இறங்கினார். மேடை என்று தனியாக இல்லை, தரையில் விரித்த கம்பளம்தான். முன்வரிசையில் மகள் மடியிலிருந்து பேரன் நழுவி, தழையைக் கண்டு விறுவிறுவென்று தவழ்ந்து வந்தான். இரண்டு பேரும் நேருக்கு நேர், ஒரே உயரம். தனக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு மீதியை இவர் வாயில் திணித்தான். மண்டபமே சிரித்தது. இவர் தலையைத் தூக்கினார், மகளைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ராஜா வானத்தைப் பார்த்து, ஆளுகிறவர் உன்னதமானவர்தான், கிரீடம் அவர் கொடுத்தது, அவரே எடுப்பார் என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். கடைசியில் சொன்னார், பேரனைப் பார்த்தே. திரைக்குப் பின்னால் நான் அழுதுவிட்டேன்.

மார்ச் 17
இன்று இவர் மாடிக்குப் போகவில்லை. முழங்கால் வலியாம். இருக்கும், இருக்கும்.

மார்ச் 23
இவரே போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. மகளும் மருமகனும் வாசலில் தயங்கி நின்றார்கள். "பிள்ளையை ஏன் வெயில்ல நிக்க வைக்கிறீங்க? உள்ள வாங்க." அவ்வளவுதான், சட்டம் ரத்து.

சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "வீட்ல ஆணி இருக்கா?"

இந்த வீட்டில் ஆணியா! பக்கத்து வீட்டில் வாங்கி வந்தேன். கூடத்துச் சுவரில் இவரே அடித்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"போகட்டும் விடு," என்றார். "படத்தை எடு."