சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு

28-4-2005, வியாழன்

வெயில். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாசனை. பதினேழு வருடத்தில் மூக்கு மரத்துவிட்டது. புதிதாக வருபவர்கள் முகம் சுளித்தால்தான் ஞாபகமே வருகிறது.

புது மாடல் ஒரு ஜோடி வந்தது. எனக்கு வேலை சாம்பிள் செக்‌ஷனில் கணக்கு எழுதுவது. ஆனால் என் கால் சரியாக 37. பெண்கள் ஷூ சாம்பிள் எல்லாம் அந்த அளவில்தான் தைக்கிறார்கள். அதனால் எது வந்தாலும் முதலில் நான்தான் போட்டு நடக்க வேண்டும். காம்பவுண்டைச் சுற்றி இருபது சுற்று. எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு அந்த மாடல் ஜெர்மனி போகும், இத்தாலி போகும். நான் வேலூர் பஸ் ஏறுவேன்.

கட்டிங் ஷகிலா, "அக்கா, நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் ஹஜ்ஜுக்கே போய்ட்டு வந்திருக்கலாம்" என்றாள். சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்.

குதிகால் கடிக்கிறது. நோட்டில் எழுதியாயிற்று.

29-4, வெள்ளி

லீவு கேட்டேன். மூன்று மாதம் என்றதும் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உடம்புக்கு இன்னாம்மா?" ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாதவர்களுக்கு லீவு கிடையாதாம். அப்படியானால் ராஜினாமா. வயது 43. யோசிக்க வேண்டும்.

யோசித்தே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. இதுவரை சொன்ன காரணங்கள்:
— அம்மாவுக்கு சுகர்
— அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை
— இங்கிலீஷ் வராது (வரும்)
— உலகம் சுற்றப் பணக்காரியா நான்
— பாஸ்போர்ட் இல்லை (எடுத்து ஏழு வருடம், ஒரு முத்திரை இல்லை)

அம்மா போய் இரண்டு வருடம். இப்போது காரணம் எதுவும் கைவசம் இல்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்ததில் ஒன்று புரிந்தது. முழு உலகத்தையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டியதில்லை. முதல் தவணை: பாங்காக் வரை விமானம், அங்கிருந்து லாவோஸ், வியட்நாம், கம்போடியா. எல்லாம் பஸ்ஸில். ஒரே அறையில் எட்டுக் கட்டில் போட்ட விடுதிகள் இருக்கின்றன. நர்ஸ் ஹாஸ்டல் மாதிரி. அதில் எனக்கு என்ன பயம்?

பயம்தான்.

1-5, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் பணம் வைத்து, மேலே எழுதினேன்: "தனியாக வெளிநாடுகளைச் சுற்றிப்பார்க்கக் கர்த்தர் துணிவு தந்ததற்காக." ஆராதனை நடுவில் எல்லா உறையையும் சத்தமாகப் படிப்பார்கள். சபை முழுக்கக் கேட்டுவிட்டால் நான் பின்வாங்க முடியாது. அதற்காகவே போட்டேன்.

படிப்பது கமிட்டி செயலாளர். அதாவது என் அண்ணன்.

பேரன் பிறந்ததற்காக ஒருவர். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக ஒருவர். அடுத்து என் உறை. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சரி செய்தார். "சகோதரி ஸ்டெல்லா, வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்காக."

வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பிடித்தேன். "இன்னா அண்ணா படிச்ச?"

"பின்ன இன்னா படிக்கச் சொல்ற? என் தங்கச்சி தனியா ஊர் சுத்தப் போவுதுன்னு மைக்ல சொல்லவா? நான் எப்படி அந்த நாற்காலில உக்கார்றது?"

பதில் சொல்வதற்குள் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். கைகுலுக்கல். "எந்த ஊரும்மா?" "துபாயா?" "விசா கம்பெனியே குடுக்குதா?" நான் சிரித்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அதை எழுதித்தான் ஆக வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது.

4-5, புதன்

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். மின்விசிறியிலிருந்து அனல்.

மூன்று நாளில் வீட்டுக்கு வந்தவை: எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில், பருப்புப் பொடி, ஒரு குழந்தைச் சட்டை. எல்லாம் துபாயில் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் சேர்ப்பிக்க. ரிட்டயர்டு நர்ஸ் சுகுணா அக்கா கொடுத்த ஊறுகாய் ஒழுகுகிறது. நான் துபாய் என்று சொல்லவே இல்லை. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அண்ணி போனில்: "உங்க அண்ணன் ஆபீஸ்ல ஸ்வீட் குடுத்துட்டார் ஸ்டெல்லா. இனிமே ஒண்ணும் பேசாத."

களைப்பாக இருக்கிறது. பொய் என்னுடையது இல்லை, சுமப்பது மட்டும் நான்.

7-5, சனி

ஒத்திகை. பையில் ஏழு கிலோ அரிசி போட்டுக்கொண்டு, கம்பெனியில் கழித்துவிட்ட அந்தக் கடித்த ஷூவையே போட்டுக்கொண்டு, தனியாக அமிர்தி அருவிக்குப் போனேன். டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"கூட யாரும் வரலையா?"

"இல்ல."

"யார்னா வர்றாங்கன்னு நிக்கிறீங்களா?"

அருவியில் தண்ணீர் கம்மி. பாறையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். ஒரு குடும்பம் என்னையே பார்த்தது. அரை மணி நேரம் கூச்சம், பிறகு போய்விட்டது. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. தோள் மட்டும் வலி. அரிசி அஞ்சு கிலோ போதும்.

10-5, செவ்வாய்

டிராவல்ஸில் டிக்கெட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். திங்கள் வரைக்கும்தான். அதற்குப் பிறகு விலை ஜாஸ்தியாம்.

ராஜினாமா கடிதம் எழுதினேன். கைப்பையில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். கர்த்தர் எப்படி வெளிநாட்டு வேலைக்குக் கதவு திறந்தார் என்று. தெருவில் சும்மா சிரித்துச் சமாளிப்பது வேறு. சாட்சியில் பொய் சொல்ல என்னால் முடியாது. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? போகாமலே இருந்துவிடலாமா? டிக்கெட், ஊறுகாய், சாட்சி எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும். பேஜார் விட்டது என்று இருக்கலாம்.

இதை எழுதும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

14-5, சனி

சொல்லிவிட்டேன்.

முப்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்தது. எழுந்து நின்றேன். "எனக்கு எந்த வேலையும் கிடைக்கலைங்க. சும்மா பாத்துட்டு வரலாம்னு போறேன். பாங்காக், அதுக்கப்புறம் பஸ்ல."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

சுகுணா அக்கா: "பாத்துட்டு?"

"வந்துடுவேன்."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"யாரும் இல்லக்கா."

"அப்போ உங்க அண்ணன் அப்படிப் படிச்சாரே?"

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. "அவருக்கு வெட்கமா இருந்துச்சு. எனக்கும்தான். அதனாலதான் ரெண்டு வாரமா நானும் வாயத் தொறக்கல" என்றேன். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் இரண்டு பேர் வந்து பார்சலைத் திருப்பி வாங்கிப்போனார்கள். சுகுணா அக்கா வரவில்லை. ஊறுகாய் இன்னும் ஒழுகுகிறது.

15-5, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்ச். அண்ணன் உறைகளைப் படித்தார். குரல் எப்போதும் போல. வெளியே வந்ததும் என்னைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அண்ணி பின்னால் உட்கார்ந்தபடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அப்பா இறந்த பிறகு எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டியவர். அவரைத்தான் முப்பது பேருக்கு நடுவில் பொய்யர் ஆக்கியிருக்கிறேன். மத்தியானம் சமைக்கவில்லை. பிரெட்.

16-5, திங்கள்

காலையில் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். மேனேஜர் முதலில் கேட்டது, "37 காலுக்கு நான் எங்கம்மா போவேன்?" ஷகிலா கட்டிக்கொண்டாள். அவள் கால் 39. உதவாது.

அரை நாள் லீவில் டிராவல்ஸ். பணம் கட்டியாயிற்று. ஜூன் 9. ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லாம் நிரப்பினேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. உறவுமுறை கேட்டிருந்தது, போன் நம்பர் கேட்டிருந்தது. "காலியா விட முடியாதும்மா, நாளைக்குக் கொண்டாங்க" என்றார் அந்த ஆள். வீடு வரும் வரை வேறு யார் பெயரும் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். அண்ணன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"டிக்கெட் எடுத்துட்டியாமே."

"ம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்தார். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. "இன்னிக்கு வாங்கினேன். நம்பர் எழுதிக்கோ. அங்கேர்ந்து பண்ணா முன்னாடி 91 போடணும், பூஜ்யம் போடாத."

படிவத்திலேயே எழுதிக்கொண்டேன். திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"மூணு மாசமும் ஆஃப் பண்ண மாட்டேன்."

"கோயில்லயுமா?"

"கோயில்லயும்தான்."