ஷாஃப்டில் அம்மா வைத்த பொட்டு

என் அன்பு அப்பாவுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். நடுவில் உங்களுக்கு அத்தைமேல் கோபம் வரும். என்மேலும் கொஞ்சம் வரலாம். ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள். குண்டசாலையில் நம் வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் லொறிக்குள் லைட்டைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. தானாகவே மாறும் உங்கள் ஓட்டோ கியர் போய்விட்டது, அப்பா. நீங்கள் போன பிறகு லொறி மழையிலும் வெயிலிலும் சும்மாவே நின்றது. மாமா ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது இஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. மெக்கானிக் ரஸீன் நானா கண்டி முழுக்க அதற்குச் சாமான் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "கையால போடுற கியர் பொக்ஸ் ஒண்டு ஈக்குது. அதப் பூட்டினாத்தான் இவ ஓடுவா" என்றார்.

டவுனில் புடவைக் கடை வேன் ஓட்டும் மாமா ஒரு கெடு வைத்தார். சனிக்கிழமைக்குள் லொறி ஒழுங்காக ஓடினால், அந்த வேலையை விட்டுவிட்டு உங்கள் தெல்தெனியக் கடைகளுக்கு அவரே சாமான் ஏற்றுவார். ஓடாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கலகெதரையிலிருந்து ஓர் ஆள் வந்து பழைய இரும்பாக எடுத்துப் போவார். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறப்பேன், ஜன்னலுக்குப் போவேன், மறுபடி வந்து அதே பக்கத்தை வாசிப்பேன்.

புதிய கியர் பொக்ஸோடு ஒரு கிளச் பெடலும் வந்தது. சின்ன வயதிலேயே சூம்பிப்போன உங்கள் இடது காலுக்காகத்தானே கிளச் இல்லாத லொறியாகத் தேடி வாங்கினீர்கள்? அந்தக் காலை நீட்டி வைத்திருப்பீர்களே, அதே இடத்தில் பெடலைப் பூட்டினார்கள். கீழே ரப்பர் விரிப்பில் உங்கள் குதிகால் பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

இனி வெள்ளிக்கிழமை. கியர் பொக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயை ஷாஃப்ட் என்கிறார்கள். புதிய பொக்ஸ் நீளம் கூட என்பதால் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறைக்க வேண்டியிருந்தது. அது இரண்டு துண்டு. ஒன்று மற்றதற்குள் சொருகும். இரண்டின் முனையிலும் கவைபோல ஒன்று இருக்கிறது. சொருகும்போது இரண்டு கவைகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஆடும். அதற்காக லேத்காரர் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வெள்ளைச் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார்.

மாமா அவற்றைக் கொண்டுவந்து சாக்கில் வைத்தபோது ரஸீன் நானா லொறிக்கு அடியில் இருந்தார். வெளியே வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு ஜும்மாவுக்கு ஓடினார். நம் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அல்லவா? அம்மா குளித்துவிட்டு வந்தார். ஈரத்துணியால் இரண்டு துண்டுகளையும் அழுந்தத் துடைத்தார். பிறகு சந்தனம் வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. உங்களுக்குப் பிறகு அம்மா குங்குமச் சிமிழைத் தொட்டது அன்றைக்குத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கத் தோன்றவில்லை.

பின்னேரம் ஷாஃப்டைப் பூட்டி முடித்தார்கள். மாமா ஓட்ட, நான் பக்கத்தில் ஏறினேன். மூன்றாவது கியர் விழுந்ததும் லொறி உதறத் தொடங்கியது. பல்லெல்லாம் கிடுகிடுத்தது. முன்னால் நீங்கள் வைத்த பிள்ளையார் நகர்ந்து நகர்ந்து என் மடியில் விழுந்தார்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றார். "பொட்டு வைக்க வீட்டுல வேற கை இல்லையா, அண்ணி?" என்றார்.

அம்மா உள்ளே போய்ச் சிமிழை அலுமாரிக்கு மேலே, தன் கைக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டார். "கலகெதரக்காரருக்கே சொல்லிடு, தம்பி" என்றார்.

இன்று காலை ரஸீன் நானா வந்து லொறிக்கு அடியில் படுத்தார். லேத்காரரைத் திட்டிக்கொண்டே இருந்தார். "சிவப்புல அடையாளம் வெச்சி அனுப்பீக்காரு. அதுக்கு நேராத்தானே நான் சொருகினேன்? வேலய ஒழுங்கா செஞ்சாத்தானே!"

உண்மையைச் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் அத்தை சொன்னதே நிலைத்துவிடும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அப்பா?

"நானா, அவர் போட்டது வெள்ளைக் கோடு. அம்மா துடைச்சிட்டாங்க. சிவப்பு, அம்மா வச்ச பொட்டு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு லொறிக்கு அடியிலிருந்து பெரிய சிரிப்பு வந்தது.

"யா அல்லாஹ்! குங்குமத்தப் பாத்தா நான் ஷாஃப்ட் பூட்டினேன்? ஒரு கவ கெழக்க பாக்குது, மத்தது வடக்க பாக்குது. ஆடாம என்ன செய்யும்?" முகம் முழுக்கக் கிரீஸோடு தலையை வெளியே நீட்டினார். "தங்கச்சி, பொட்டுல ஒரு குத்தமும் இல்ல. கவயப் பாக்காம பொட்டப் பாத்தவன் நான்தான்."

"அதானே, நானும் ஒண்ணும் சொல்லலையே" என்றார், சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அத்தை.

"நீங்க சொல்லலக்கா. குண்டசாலையே கேட்டுச்சு" என்றார் மாமா.

கழற்றித் திருப்பிச் சொருகினார்கள். தெல்தெனிய வீதியில் வெகுதூரம் போனோம். மூன்றாவது, நான்காவது. பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார்.

வந்ததும் ரஸீன் நானா இரண்டு துண்டுகளிலும் நேருக்கு நேராக உளியால் வெட்டு வைத்தார். "இனி எந்த வெள்ளிக்கிழமையும் இத அழிக்கேலாது. தங்கச்சி, இப்ப வைங்க. வெட்டின எடத்துலயே வைங்க."

அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை வீதியில் போகும் பஸ்ஸைப் பார்த்தார். நான் கதிரையில் ஏறிச் சிமிழை எடுத்துக் கொடுத்தேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறிக்கு அடியில் நுழைந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு பொட்டு வைக்க அவ்வளவு நேரமா? நான் குனிந்து பார்க்கவில்லை.

கலகெதரைக்காரரை வரவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முதல் லோடு. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மாமாவின் இடது கால் அந்தப் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எழுந்து ஓடவேண்டும்போல இருக்கிறது. இது எப்போது போகும், அப்பா?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். அந்தப் பெடலை வெறுக்காமல் இருக்கப் பழகுவேன். என் கால் அதற்கு எட்டும் நாளில் நானும் மிதிப்பேன். அதுவரை விரிப்பை மாற்ற ஒருவரையும் விடமாட்டேன்.

உங்கள் இடது காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மகள்,
சுகந்தி

பட்டரி இறங்கிவிடும் என்று மாமா கத்துகிறார். இதோ, ஜன்னலுக்குள் கையை நீட்டி லைட்டை அணைக்கிறார்.