வெறுங்கையால் பந்து பிடிக்கிறவனுக்கு

கிளவர்ஸ்வில்
1879 ஜூன் 12

அன்பு மகன் லைமனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, தங்கச்சி தர்சா விழுந்த பல்லை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஒரு நாள் பூராவும் அழுதாள். நீ சுகமா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. நேற்று பட்டறையில் சைலஸ் இரண்டு வாரம் பழைய பத்திரிகையைச் சத்தமாகப் படித்தான். பேஸ்பால் ஆட்டத்தில் மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று நீ பிடித்த பந்து விரலைப் பிளந்துவிட்டதாம், துணியைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை ஆடினாயாம். பதினாறு வயசுல என்னா நெஞ்சழுத்தம், உன் புள்ளைதாம்ப்பா அவன் என்று என் முதுகில் தட்டினான். நான் தோல் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

மார்ச் மாதம் உன் கையைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாயே, விரல் நுனி இல்லாமல் ஒரு ஜோடி தைத்துக் கொடுங்கப்பா என்று. அரை நாள் வேலை. ஊரில் உள்ள வண்டிக்காரனுக்கெல்லாம் கையுறை வெட்டுகிறவன், பெற்ற பிள்ளையிடம் என்ன சொன்னேன்? கையுறை போட்டுக்கிட்டா பந்து பிடிப்ப, கூடவே ஒரு பாவாடையும் தச்சுத் தரட்டுமா என்றேன். பட்டறையே சிரித்தது. நீ காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். என் மகனைக் கோழை என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. கோழை நான்தானடா.

இத்துடன் ஒரு ஜோடி வருகிறது, நல்ல மான் தோல், உள்ளங்கையில் இரட்டை மடிப்பு. எல்லார் கண்ணெதிரேயும்தான் வெட்டினேன். வீங்கின விரலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று தெரியவில்லை, இருபது வருஷத்தில் அளவு தெரியாமல் நான் வெட்டியது இது ஒன்றுதான். யார் கேலி செய்தாலும் கழற்றாதே. முடியவில்லை என்றால் ரயிலேறி வந்துவிடு, இங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும். போன வாரம் வந்த உன் கடிதத்தைப் பார்த்து, பட்டணம் போனதும் புள்ளைக்குக் கையெழுத்து என்னமா திருந்திடுச்சு என்று அம்மா பூரித்துப்போனாள். நானும் ஆமாம் என்றேன், நேற்றுத்தான் எனக்குக் காரணம் புரிந்தது. எழுதிக் கொடுத்த பையனுக்கு என் நன்றியைச் சொல். அடுத்த கடிதத்தையும் அவனே எழுதட்டும், அடியில் உன் பெயரை மட்டும் நீ போடு. கோணலாக இருந்தால் பரவாயில்லை, ஓடும் ரயிலில் எழுதினான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா
ஓரின் பீல்