ஆரோக்கியமான ஆட்கள் தேவை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, கடிதம் எழுது என்று சொன்னது நீதான். எழுதுகிறேன். முழுதாகப் படி.

என் ஆராய்ச்சி நொண்டியடிக்கிறது. இதயத்தின் தசைச்சுவர் தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. சுவர் தடிப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எக்கோ ஸ்கேனில் தேடிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகள் தாராளமாக வருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் 'ஆரோக்கியமான ஆட்கள் தேவை' என்று ஒட்டினோம். கேன்டீன்காரர் அதைப் படித்துவிட்டு, "ஆரோக்கியமா இருக்கறவன் இங்க எதுக்கு சார் வரப்போறான்?" என்றார். எங்கள் பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி உன் விஷயம். அப்பா படியில் வழுக்கி விழுந்து இறந்தார் என்று இன்னும் எத்தனை காலம் சொல்லப்போகிறாய்? வழுக்கியவர் கையை ஊன்றியிருப்பார். அவர் ஊன்றவில்லை. விழுவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது. அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று நான் நினைக்கிறேன். நான் ஸ்கேன் எடுத்துவிட்டேன், எனக்கு இல்லை. நீ எப்போது எடுக்கிறாய்? சாக்கு வேண்டாம், தேதி சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 15

அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நோயில்லாத ஆளைத் தேடி ஆஸ்பத்திரி வாசலிலேயே போர்டு மாட்டிய மூளைக்கா இத்தனை வருடம் ஃபீஸ் கட்டினோம்?

இங்கே கட்டடம் முப்பது மாடி தாண்டிவிட்டது. கிரேன் கேபினில் உட்கார்ந்தால் கீழே நிற்கிற சிக்னல்காரர் தீக்குச்சி மாதிரி தெரிகிறார். அவர் கை அசைவதைப் பார்த்துத்தான் கொக்கியை இறக்குகிறேன். "பொம்பள கையில கொக்கியா, விளங்கிடும்" என்று சொன்ன அதே மேஸ்திரி, இப்போது கண்ணாடிப் பலகை வந்தால், "அக்கா ஷிஃப்ட் வரட்டும்யா, யாரும் தொடாதீங்க" என்கிறார். அவர் எனக்குப் பத்து வயது மூத்தவர், அது வேறு.

பாப்பா பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். தோற்றவளைக் கேலி செய்து, அடியும் வாங்கிக்கொண்டு வந்தாள். வாய் அப்படியே மாமனைக் கொண்டிருக்கிறது.

ஸ்கேன் பேச்சை விடு. கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மேலே ஏற முடியும். 'இதயத்தில் சந்தேகம்' என்று எங்காவது ஒரு வரி ஏறினால் என்னைக் கீழே இறக்கிவிடுவார்கள். பாப்பாவை வைத்துக்கொண்டு தனியாளாக நிற்கிறவளுக்கு இந்தக் கேபின்தான் வீடு, வாசல், புருஷன் எல்லாம்.

ஒன்று கேட்கவேண்டும். உன் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் பெயர் உனக்குத் தெரியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

தெரியாது. எங்கள் நர்ஸம்மா ஸ்கேனில் வெறும் எண்ணைப் போட்டுத் தருவார். நோயாளியா, நல்ல ஆளா என்பதுகூட எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உன் சைட்டில் நல்ல ஆட்கள் இருந்தால் அனுப்பு. மார்ச் முதல் வாரம் நான் வெளியூர் மாநாட்டில் இருப்பேன், ஆனாலும் ஸ்கேன் எடுப்பார்கள்.

தேதி கேட்டேன். நீ கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாய்.

தம்பி

மார்ச் 20

அக்கா,

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

மாநாட்டிலிருந்து வந்து, குவிந்துகிடந்த ஸ்கேன்களை அளந்தேன். ஒன்றில் சுவர் நன்றாகத் தடித்திருந்தது. நோயாளி என்று நினைத்து எழுதினேன். "டாக்டர், இது நல்ல ஆளுங்க வரிசை" என்றார் நர்ஸம்மா. அப்படியானால் கணக்கிலிருந்து தூக்குங்கள், அடுத்ததைப் போடுங்கள் என்றேன்.

"தூக்கிட்டா ஆச்சா? அந்தாளுக்கு யார் சொல்றது?"

சொல்வது நர்ஸம்மாவின் வேலை, ஆராய்ச்சி விதியும் அதுதான். கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தது டயர் கடை. "வீட்டில் யாரும் திடீரென்று இறக்கவில்லை" என்றும் அந்த ஆசாமி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஊசிகூடப் போடாத ஒரு ஸ்கேனுக்கு எதற்கு இத்தனை பொய்? எந்த முட்டாளோ, நெஞ்சுக்குள் அதை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிக்க வழியில்லை. டயர் கடைக்காரரிடம் நானே இரண்டு தடவை பேசினேன். மூன்றாவது தடவை, "டயர் வேணுமா, வேணாமா?" என்று கத்துகிறார்.

தம்பி

மார்ச் 27

தம்பி,

அந்த முட்டாள் நான்தான்.

மாநாடு என்று நீ எழுதியதும் லீவு போட்டுவிட்டு வந்தேன். அப்பாவைப் பற்றி உண்மையைச் சொன்னால் நல்ல ஆட்கள் வரிசையில் சேர்க்க மாட்டார்கள், அதனால் இல்லை என்று எழுதினேன். டயர் கடை எண் பஸ்ஸில் வரும்போது சுவரில் பார்த்தது. என் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது, ஆனால் பார்ப்பது நீயாக இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க எனக்கு இதைவிட்டால் வழி தெரியவில்லை. நான் என்று தெரிந்தால் உனக்குக் கண் சாய்ந்துவிடும். யாரோ ஒருத்தி என்றால் சரியாகப் பார்ப்பாய். பார்த்துவிட்டாய்.

ஒன்றும் இருக்காது, உனக்கும் ஒரு ஆள் கூடும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகும் வழக்கம்போல ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். மூச்சு வாங்கவில்லை, மயக்கமில்லை. அதனால் யாரிடமும் சொல்லாதே. நீ எனக்குத் தம்பியாக இருந்தால் சத்தியம் செய்து எழுது. இல்லையென்றால் எழுதவே வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன். டாக்டராகச் சொல்லக்கூடாது. தம்பியாகச் சொல்லக் கை பரபரக்கிறது, அடக்கி வைத்திருக்கிறேன். இறங்குவதென்றால் நீயேதான் இறங்கவேண்டும்.

எனக்குத் தேன் தடவிப் பேச வராது. இந்த நோயோடு எண்பது வயது வரை இருப்பவர்கள் நிறைய. ஒரு அறிகுறியும் இல்லாமல் விழுபவர்களும் உண்டு. நீ எந்தப் பக்கம் என்பது இந்த ஒரு ஸ்கேனில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், இதயத் துடிப்பை முழுநாள் பதிவு செய்யவேண்டும். ஆபத்து என்று தெரிந்தால், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியைத் தோலுக்கடியில் வைக்கலாம். அப்பாவுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்கு எல்லாமே இருக்கிறது. ஆனால் முடிவு வரும்வரை நீ தனியாக மேலே உட்காரக்கூடாது. உன் கொக்கியில் கண்ணாடி தொங்கும்போது, கீழே உன்னை நம்பி ஒரு மனிதர் அண்ணாந்து நிற்கிறார்.

இன்னொன்று. பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாப்பா பந்தயத்தில் ஓடுகிறாள். அவளைச் சோதிக்கும்வரை ஓடவிடாதே.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த அன்று மதியமே ஏணியில் இறங்கினேன். மேஸ்திரி ஓடிவந்தார்.

"என்னக்கா, தலை சுத்துதா?"

"இல்ல. நெஞ்சுல கோளாறு."

"யாரு சொன்னா?"

"என் தம்பி."

"சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்?"

"அவனுக்குத்தான் தெரியும்" என்றேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம் இருக்கும்போதும் வாய் அதைத்தான் சொன்னது.

கேபினுக்கு வேறொருவன் ஏறிவிட்டான். கொக்கியை ஆட்டி ஆட்டி இறக்குகிறான், பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள். திரும்ப ஏற விடுவார்களா என்று கேட்டேன், முதலில் டாக்டர் காகிதம் கொண்டுவா என்கிறார்கள். உன் மேல் கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் எதிர்பார்க்காதே.

பாப்பாவிடம் ஓடாதே என்று சொல்லிவிட்டேன். ஏன், ஏன் என்று இரண்டு நாளாக என்னைக் குடைகிறாள். உன் குணம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாண்டில் வந்து நிற்காதே, அழுது தொலைப்பேன். ஆஸ்பத்திரியிலேயே இரு. முதலில் பாப்பாவைப் பார். என்னவாக இருந்தாலும் எப்போதும் போல முகத்துக்கு நேரே சொல். அதைக் கேட்டபிறகுதான் நான் ஸ்கேன் மேஜையில் படுப்பேன்.

அக்கா