ஒன்பதரை காட்டிய வாட்ச்

உன் வாட்சைச் சார்ஜில் போட்டபோது பட்டையிலிருந்து வேப்பெண்ணெய் வாசம் வந்தது. அட்டை கடிக்காமலிருக்கக் கணுக்காலில் பூசிவிட்டு, மிச்சத்தை மணிக்கட்டிலும் தேய்த்துக்கொள்வாயே, அதே எண்ணெய். "எனக்கு இத வச்சு என்ன செய்யணும்னே தெரியல, நீங்களே வச்சுக்கிடுங்க" என்று, உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் வீட்டுக்காரர் கழக்கூட்டம் ஊரிலுள்ள என் ஆபீஸ் வாசல்வரை வந்து கொடுத்துவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளாதே, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஆவல்தான். இந்த வாட்ச் ஏன் எப்போதும் ஓடிய தூரத்தை என்னுடையதைவிடக் குறைவாகவே காட்டியது?

மலையடிவாரத்து விதுராவைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குள் ஏறி, காட்டோரமாகச் சுற்றி, கிளம்பிய சாயாக்கடைக்கே இறங்கும் அந்த மண்பாதையில் ஞாயிறுதோறும் ஓடினோம். ஒரே பாதை, இரண்டு பேர், இரண்டு தூரம். என் வாட்சில் எண் முழுசாக வராவிட்டால் எனக்குப் பொறுக்காது. கடை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி முழுசாக்குவேன். ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. கடைக்காரச் சேட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே, "எந்தா சேச்சீ, வல்லதும் களஞ்ஞு போயோ?" என்பார், நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்து. "ஆமா சேட்டா, அவளுக்க புத்தியாக்கும்" என்பாய் நீ.

நீ ஒருநாளும் அப்படிச் சுற்றியதில்லை. ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறவள் அல்லவா! என் வாட்சைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். "உனக்க வாட்ச் சொல்லுகத எனக்க பேர்ல எழுதினா அது கள்ளக்கணக்கு."

உன்னுடையதை நீ அப்படி நம்பியதற்குக் காரணமும் இருந்தது. பைபாஸில் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்த்திருந்தாய். "அங்க கரெக்டா காட்டுதில்லா? பின்ன மலையில மட்டும் கள்ளம் சொல்லுமா?" என்று மடக்குவாய். எனக்குப் பதில் தெரிந்ததில்லை.

இப்போது தெரியும். வாட்சின் அமைப்புகளைத் துழாவிப் பார்த்தேன். பேட்டரியை மிச்சப்படுத்தும் முறையில் போட்டு வைத்திருக்கிறாய். அப்படிப் போட்டால் அது அடிக்கடி இடத்தைக் குறித்துக்கொள்ளாது; இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவே நேர்கோடு. நேரான பைபாஸில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மலைப்பாதையிலோ ஒவ்வொரு வளைவையும் நீ சுற்றி ஓட, அது குறுக்கே போயிருக்கிறது. என்னுடையது யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. மரங்களுக்கடியில் நான் சும்மா நின்றாலும், நான் இங்குமங்கும் நடப்பதாக நினைத்து அது தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் உண்மையான தூரம் எது?

அது எனக்கு ஏன் முக்கியம் என்று உனக்குத் தெரியும். மருந்தெல்லாம் ஏற்றி முடிந்து, தலையில் முடி குச்சிகுச்சியாக முளைத்த மாதங்களில் நீ ஒன்றுதான் கேட்டாய்: அந்த மலையில், நடுவில் நடக்காமல், பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். "பத்து ஓடிட்டா நான் சீக்குக்காரி இல்ல, கேட்டியா?"

கடைசியாக நாம் சேர்ந்து ஓடிய அன்று, இறக்கத்தில் ஓடைப் பாலத்தருகே வாட்சைப் பார்த்தாய். நின்றுவிட்டாய். "இன்னும் இவ்வளவு கிடக்கா? எனக்கு வய்யடீ." மிச்சத்தை நடந்தோம். கடைக்கு வந்தபோது உன் வாட்ச் ஒன்பதரை கிலோமீட்டர் காட்டியது. என்னுடையது பதினொன்றை நெருங்கியிருந்தது. நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயாவும் வேண்டாம் என்றாய். அதற்குப் பிறகு நோய் திரும்பிவிட்டது, மலைக்கு நீ வரவே இல்லை.

போன வாரம், சர்வேக்காரர்கள் பிடிக்கும் நீள டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரரை மறுமுனையில் நிறுத்தி, கடையிலிருந்து, நாம் ஓடும் திசையிலேயே, வளைவுக்கு வளைவு அளந்தோம். "இதுக்காட்டீ என்னை லீவு போடச் சொன்ன?" என்று முணுமுணுத்தார். ஆனால் டேப்பைத் தளரவிடவில்லை. பத்து கிலோமீட்டர் முடிந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கடை தெரியவில்லை. பாலமும் தெரியவில்லை. அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கிப் போனேன்.

இரண்டு வளைவு கழித்துத்தான் ஓடைப் பாலம் வந்தது.

நீ நின்ற இடத்தில் நின்றேன். "நீ முடிச்சிட்டே, கேட்டியா" என்று சத்தமாகவே சொன்னேன். ஓடைச் சத்தத்தில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். பத்தைத் தாண்டி ஓடி வந்துவிட்டு, தோற்றுப்போனதாக நினைத்துத்தானே அன்று மிச்சத்தை நடந்தாய்! அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்போது ஓடும்போது, மூச்சு முட்டி நிற்கத் தோன்றினால் நான் கையைப் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டு வளைவு ஓடிவிட்டுத்தான் நிற்கிறேன்.