யாரும் ‘கட்’ சொல்லாத காட்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மணி ஒன்றரை ஆகிறது, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பகலில் எழுதினால் அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார், போனில் பேசினால் இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அவருக்குக் கேட்கும். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், கோலைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறார், வலது கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு மெக்கானிக் வந்தாயிற்று. அவருடைய டூல்ஸ் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், அவர் கண்ணில் படாதபடி கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆகிறது. வேண்டுமென்றே மோசமாக எடுத்த பேய்ப் படங்களுக்கென்றே ஒரு விழாவாம், அதில் நம் ‘மூன்றரை மாடிப் பேய்’ தேர்வாகியிருக்கிறதாம், அடுத்த மாதம் இருபதாம் தேதி காட்டுகிறார்களாம், அதிலும் அப்பா விழுகிற காட்சியைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம். அப்பாதான் ஹீரோ என்று அவரிடம் சொல்லச் சொல்லியிருந்தாய். சந்தோஷம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன், ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐந்து மாதத்துக்கு முன் நீ இங்கே வந்து படம் எடுத்த அன்றே உன்னிடம் வாதம் பண்ணினேன், நினைவிருக்கிறதா. தெரிந்தே கெடுத்து எடுப்பதில் என்ன சிரிப்பு, நன்றாக எடுக்கப் பார்த்துக் கெட்டுப்போனால்தானே சிரிப்பு என்றேன். பட்டப்படிப்பு படித்த அம்மாவோடு படம் எடுக்கவே கூடாது என்று நீ என் கையில் விளக்கைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாய். வௌவாலைக் கட்டிய நூல் தெரிய வேண்டும், பேய் கையில் வாட்ச் இருக்க வேண்டும், போர்வைக்கு மேலேயே மீசை ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தப்பாக யோசித்து வைத்தாய். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டாய், என்ன தப்பு நடந்தாலும் யாரும் ‘கட்’ சொல்லக் கூடாது, கேமரா பிடிக்கிற உன் நண்பன் ஒல்லி சிரித்துக் கை ஆடினாலும் நிறுத்தக் கூடாது என்று.

பேயாகப் போர்வை போர்த்திய அப்பா நம் கட்டிடத்து லிஃப்டைத் திறந்துகொண்டு வந்து ‘பழிவாங்க வந்திருக்கேன்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க எனக்குச் சொல்லிக் காட்டினார், தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கேமரா ஓடும்போது ‘பயி, பயி’ என்றே நின்றது. கையிலிருந்த அட்டைக் கோடாலி நழுவியது, சுவரோடு சரிந்து உட்கார்ந்தார், வாட்ச் கட்டிய வலது கையை இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முகம்தான் போர்வைக்குள் இருந்ததே, நமக்கு என்ன தெரியும். நீ சிரித்தாய், ஒல்லி சிரித்தான், நான் விளக்கைப் பிடிக்க முடியாமல் சிரித்தேன். பிறகு அவரே எழுந்து, நாம் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார். என்னமா நடிச்சீங்கப்பா என்று நீ கட்டிக்கொண்டாய், பத்து மணி ரயிலுக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அன்று ராத்திரி நடந்ததை உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. படுக்கும்போது ‘கை மரத்துப் போச்சு’ என்றார். அவ்வளவு நேரம் கோடாலியைத் தூக்கினா மரத்துப் போகாம என்ன, தூங்குங்க என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். காலையில் வாய் கோணியிருந்தது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது இப்போதுதான் என்றேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கவாதம் தொடங்கி மூன்று நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம் என்றார்.

உன் மெசேஜ் வருவதற்கு முன்னால், போன செவ்வாய்க்கிழமை, பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், அவருக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நீ அனுப்பியிருந்த படத்தை என் போனில் போட்டாள். மீசைக்குச் சிரித்தார், வாட்சுக்குச் சிரித்தார், ஒரு பக்கம்தான் சிரிப்பு வருகிறது என்றாலும் சிரித்தார். விழுகிற இடம் வந்ததும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா இடது கையை ஓங்கி, ‘கட்’ என்றார். ஐந்து மாதமாக வேணும், வேணாம், தண்ணி என்ற மூன்றுக்கு மேல் பேசாத மனிதர். அவள் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் மெதுவாகச் சொன்னாள், ‘அக்கா, அது நடிப்பு இல்லை, அங்கேயே ஆரம்பிச்சிருக்கு’ என்று. நான் தெரியும் என்று தலையாட்டினேன், உண்மையில் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அன்று உனக்கும் தெரியாது, உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பார்த்தாலே கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான், இருபத்திரண்டு வருடம் அவரோடு வாழ்கிறவள். ராத்திரி நானே அவர் விழுகிற அந்த ஒரு நிமிடம் பத்து வினாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாம் யோசித்து யோசித்து வைத்த தப்பு ஒன்றுக்குக்கூட யாரும் அப்படிச் சிரிக்கவில்லை பாப்பா, நாம் வைக்காத ஒன்றுக்குத்தான் அவ்வளவு சிரிப்பு. சட்டம் ஒன்று போட்டுவிட்டதால் நிஜமாக ஒருவருக்கு ஏதாவது ஆனால்கூடத் தெரியாத இடமாகிவிட்டது அது. உன்னுடையதும் ஒல்லியுடையதும் சின்னச் சிரிப்பு, அதில் பெரிதாகக் கேட்பது என்னுடையது.

காட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வேணும் என்றார். அந்த இடத்தையுமா என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அதனால் அவர் பெயரைச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை, என் பெயரிலேயே கேட்கிறேன். மீசையைக் காட்டு, வாட்சைக் காட்டு, வௌவாலைக் காட்டு, அவர் ஹீரோவாகவே இருக்கட்டும். அந்த ஒரு நிமிடம் பத்து வினாடியை மட்டும் எடுத்துவிடு. அதனால் பரிசு போனால் போகட்டும். ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் என் சிரிப்போடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. இதைப் படித்துவிட்டு நீ தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று தெரியும், அதற்காகவே இரண்டு நாள் தள்ளிப் போட்டேன், ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாராவது வந்து சொல்லி உனக்குத் தெரிவதை விட நான் சொல்வது மேல்.

வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று விடிய விடிய விழித்திருக்காதே. அப்பாவுக்கு இருந்த ரத்த அழுத்தம் பிள்ளைகளுக்கும் வரலாம் என்கிறார் டாக்டர், இந்த வாரமே போய் ஒரு தடவை பார்த்துவிடு, அம்மா பயமுறுத்துகிறாள் என்று விட்டுவிடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. விழாவில் காட்டுகிற பிரதியை இம்மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய், அதற்குள் எனக்கு உன் முடிவு தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா