அறுபடாத பாவும் என் கையெழுத்தும்

என் அருமை அண்ணா,

நீ போய் ஒன்றரை மாதமாகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று ஏன் எழுதுகிறாள் என்று கேட்பாய். எஸ்தர் அக்காவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூலிக்கு நெய்கிறவர்களுக்காகத் தெருத் தெருவாகச் சைக்கிள் மிதித்த நம் சங்கத்து எஸ்தர் அக்கா, மூன்று வாரமாய் ஜெயிலில் இருக்கிறார்.

கூலி உயர்வு கேட்டு முதலாளி வீட்டு வாசலில் எல்லோரும் உட்கார்ந்தோம். மறுநாளே போலீஸ் வந்தது. அக்கா ஆட்களோடு ஒரு நெசவாளி வீட்டுக்குள் புகுந்து, தறியில் நெய்ய நீட்டியிருந்த பாவு நூலை அறுத்துவிட்டாராம். தறியால் பிழைக்கிற பிள்ளையார்பாளையத்தில் இதைவிடக் கேவலமான பழி உண்டா? அடித்தார் என்றால்கூடச் சனம் மறந்துவிடும்.

அவரை விடச் சொல்லி மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். பாதிப் பேர் கதவே திறக்கவில்லை. "பாவறுத்தவங்களுக்கா கையெழுத்து கேட்டுக்கினு வர்ற? போம்மா" என்றார் எதிர்வீட்டு மாமா. "எவன் வீட்டுப் பாவு அறுந்துது, காட்டுங்க மாமா" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பதுதான் உனக்குத் தெரியுமே.

நேற்று அக்காவின் வக்கீல் புகாரின் நகலைச் சங்க ஆபீசில் படித்துக் காட்டினார். புகுந்த வீடு நம் வீடாம், அண்ணா. அறுந்தது நம் தறியில் இருக்கிற பாவாம். புகார் கொடுத்தது நானாம். கீழே கன்னியம்மாள் என்று, கடைசி எழுத்தை நான் இழுத்துவிடுவது போலவே இழுத்திருந்தது. அந்தப் பாவு இன்றைக்கும் ஒரு இழை அறாமல் தறியில்தான் இருக்கிறது. போலீசில் ஒருத்தர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

"போலிக் கையெழுத்தும்மா, விடு. எஸ்தரும் அதத்தான் சொன்னாங்க, கன்னிம்மா போட்டிருக்கவே மாட்டான்னு" என்றார் வக்கீல். ஆளாளுக்கு என்னைத் தேற்றினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான்தான் போட்டேன், அண்ணா.

உன் மூன்றாம் நாள் காரியத்தன்று முதலாளியின் ஆள் வந்தான். உன் பேரில் இருக்கிற பாவை என் பேருக்கு மாற்றணும் என்று வெறும் தாளை நீட்டினான். முதலாளியிடம் பாவு வாங்கும்போதெல்லாம் நீயும் நானும் அப்படிப் போட்டுக் கொடுத்தவர்கள்தானே? ஏன் வெறும் தாள் என்று ஒருநாளாவது கேட்டோமா? அக்கா நம் அடுப்பங்கரையில் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்து, "இன்னாம்மா அது, எழுதாத பேப்பர்ல?" என்றார். "வழக்கம்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போட்டேன். அந்தத் தாளில்தான் இந்தப் புகாரை எழுதியிருக்கிறார்கள்.

பத்தாவது வரை படித்தவள் நான்.

இன்று காலை வக்கீலிடம் தனியாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். போலி என்று வாதாடினால் சோதனைக்குப் போகும், என் கையெழுத்தேதான் என்று வந்துவிடும், அக்கா உள்ளேயே கிடப்பார். உண்மையைச் சொன்னால் முதலாளி நம் தறியிலிருந்து பாவை இறக்கி எடுத்துக்கொள்வார். அப்புறம் இந்த ஊரில் எனக்குப் பாவு தர ஆளிருக்காது. "உம்மேலயும் கேள்வி வரும்மா, யோசிச்சுக்கோ" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

தறியை நிறுத்திவிட்டேன். யார் வந்தாலும் அந்தப் பாவை முழுசாகப் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை ஜாமீன் மனு எடுக்கிறார்கள். "கையெழுத்து நான் போட்டதுதாங்கய்யா. போட்டப்ப அதுல ஒண்ணும் எழுதியிருக்கல" என்று கோர்ட்டில் எழுந்து நின்று சொல்லுவேன். இது உன்மேல் சத்தியம். நான் போட்டிருக்கவே மாட்டேன் என்று ஜெயிலில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருக்கிறவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை.

தறியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நூல் நாடாவைத் தள்ளிய தங்கச்சி,
கன்னியம்மாள்